தங்கக்காட்டு றோட்டும் என் சகலனும்

சகலன் என்றால் மனைவியின் சகோதரியைக் கட்டியவன் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் சகலனோடு ஒரே நகரத்தில் குடியிருந்து, ஒரே கம்பனியில், ஒரே தொழிலைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த உறவின் முழுச் சூடும் தெரியும். நான் பார்த்தவன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் என்னைவிட ஒன்பது வயது இளையவன். நல்ல பிள்ளை. அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இதை எழுத வேண்டிய தேவையே வந்திராது.

அவனைக் கம்பனிக்குள் கொண்டுபோய் விட்டதும் நான்தான். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானே தேடிப்போய்ச் செய்த வேலை. நில அளவையை நான் யாழ்ப்பாணத்தில் முறையாகப் படித்தவன், இரண்டு வருடம் அங்கே வேலையும் பார்த்தவன். பாரிசுக்கு வந்து பதினொரு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். நாற்பதாவது வயதில், ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பயந்து பயந்து போய், ஒபர்வில்லியேயில் துணிக் களஞ்சியங்களுக்கு நடுவே மாடியில் இருந்த ஓர் அளவைக் கம்பனியில் சேர்ந்தேன். பிறகு முழங்கால் பழுதாகி, வெளிவேலை குறைந்து, மற்றவர்கள் அளந்து வருவதைக் கணினியில் கணக்குப் பார்த்து வரைபடமாக்கும் ஆளாக உட்கார்ந்தேன். சகலன் அப்போது நம்மாட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டு நின்றான். பாவம் என்று பார்த்து நானே பத்ரோனிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். பத்ரோன் என்றால் முதலாளி. இங்கே நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்.

நான் கற்றுக்கொடுத்தேன். அவன் கற்றுக்கொண்டான். அதிலும் குறை சொல்ல முடியாது. மரக்கறிக் கடையில் நின்று நின்று அவனுடைய பிரெஞ்சு நன்றாக ஓடியது. என்னுடையது இருபது வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு வசனத்திலும் ஒரு தடவையாவது கால் தடுக்கும். ஆறு வருடத்தில் அவன் தனியாக ஒரு வேலையை எடுத்து நடத்தும் அளவுக்கு வந்துவிட்டான். நிரந்தர வேலை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்தான். நிரந்தர ஒப்பந்தம் இல்லாதவனுக்கு இந்த ஊரில் ஒருவரும் நல்ல வீடு வாடகைக்குக் கொடுக்கமாட்டார்கள். அதனால் மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை வீட்டில், இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

அப்போதுதான் கயானா வேலை வந்தது. பிரெஞ்சுக் கயானா தென்னமெரிக்காவில் பிரேசிலுக்கு மேலே இருக்கிறது. குடியேற்றநாடாக இருந்த காலத்தில் பிரான்ஸ் தன் கைதிகளை அனுப்பி வைத்த இடம். பிறகு காட்டுக்குள் தங்கம் கண்டார்கள். ஆற்றங்கரையிலிருந்து தங்கக் குழிகள் வரைக்கும் கழுதைகள் போவதற்கு ஒரு பாதையை யாரோ ஒரு வெள்ளைக்காரச் சர்வேயர் அளந்து கீறி வைத்திருந்தார். இப்போது அதே குழிகளில் மறுபடி தங்கம் எடுக்க அனுமதி பெற்றவர்கள், அதே பாதையை ஒட்டி லொறி போகும் றோட்டு ஒன்று போட வேண்டுமென்று எங்கள் கம்பனியிடம் வந்தார்கள். குடியேற்றநாடு என்ற பெயர் போய்விட்டது, மற்றதெல்லாம் அப்படியேதான். அங்கேயும் யூரோதான் செல்லும். தங்கமும் கப்பலேறி இந்தப் பக்கம்தான் வரும்.

அந்தப் பழைய வரைபடத்தின் பிரதியைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. மூன்று கிழமை அதற்குள்ளேயே கிடந்தேன். ஓரங்களில் அந்தச் சர்வேயர் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். இங்கே மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். இங்கே கழுதைகள் ஏற மறுக்கின்றன. ஓரிடத்தில், இரண்டு இந்தியக் கூலிகள் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், வேலை நிற்கிறது என்றிருந்தது. காரைக்கால், பாண்டிச்சேரிப் பக்கமிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன நம்மாட்களாகத்தான் இருக்க வேண்டும். அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த றோட்டில் ஒவ்வொரு வளைவும் எனக்குப் பாடம். யார் எங்கே விழுந்தார்கள் என்பதுகூடத் தெரியும். என் வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு நாட்டுக்கு ஒரு றோட்டை நான் அளந்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் படிக்கிற காலத்திலிருந்தே இருந்தது. பாரிசில் நாங்கள் அளந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை பிடிக்கும் மதில்களும் வாகனத் தரிப்பிடங்களும்தான். இந்த றோட்டு எனக்கென்றே வந்தது என்று நினைத்தேன். ஆசையை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கு மட்டும் சொன்னேன். அவள் தங்கைக்குச் சொல்லியிருப்பாள். அது அவர்களுடைய வழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில், பத்ரோன் என்னிடம் கேட்டார். கயானாவுக்குப் போக உனக்கு விருப்பமா, இந்தப் பாதையை உன்னைவிட வேறு யாருக்கும் தெரியாதே என்றார். முழங்காலுக்குச் சுமை தூக்க ஆள் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னார்.

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "வேறு ஆட்களும் இருக்கிறார்கள்தானே, அவர்களையும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டவுடன் ஓம் என்று சொல்கிறவனை நாங்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. இப்பதான் குடிச்சனான், வேண்டாம், சும்மா இருங்கோ என்று இரண்டு தரம் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் கேட்கும்போது, சரி, எப்பன் தாங்கோ என்று கொஞ்சம் வாங்க வேண்டும். தொண்டை காய்ந்து செத்தாலும் அதுதான் முறை. அந்த முறையில்தான் நானும் சொன்னேன். பத்ரோன் இரண்டாம் தரம் கேட்பார் என்று காத்திருந்தேன். அந்த மனிதரோ, சரி, புரிகிறது, நன்றி என்று சொல்லிக் கோப்பியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் முழுவதும் அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையில் சகலன் ஓடி வந்தான்.

"அண்ணை, கயானாவுக்கு என்னைப் போகச் சொல்லினம். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னதாலைதான் என்னைக் கேட்டவையாம். மெய்யே?"

"ஓம். எனக்கு உந்தக் காடு கோதாரியெல்லாம் சரிவராது."

"அப்ப நான் ஓமெண்டு சொன்னது பிழையில்லைத்தானே?"

"எப்ப சொன்னனீர்?"

"கேட்ட உடனை சொல்லிப்போட்டன்."

கேட்ட உடனேயாம்! எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அவன்மீது கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை. நியாயம் இல்லாத எரிச்சலுக்குத்தான் சூடு கூட. போய்வாரும் தம்பி, சந்தோசம் என்று சொல்லித் தோளில் தட்டினேன். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு லாச்சப்பலில் எனக்கு நிம்மதி போயிற்று. முடிவெட்டுகிற கடைக்குப் போனால், தங்கச் சுரங்கத்துக்கு றோட்டுப் போடப் போறவரின்ரை சகலன் வந்திருக்கிறார், கதிரையைக் குடுங்கோ என்றார்கள். இருபது வருடம் அதே கடையில் முடி வெட்டியவன் நான், அன்றுதான் அவர்களுக்கு ஆளாகத் தெரிந்தேன். அதுவும் அவனுடைய சகலனாக. மனைவி தங்கச்சி வீட்டுக்குப் பருத்தித்துறை வடையும் மிளகாய்த் தூளும் கட்டிக் கொடுத்தாள். அவனுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டதென்று ஐஸ் கட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு வருடக்கணக்காக முழங்கால் வீங்கியிருக்கிறது.

அவன் போனான். போய் மூன்றாம் நாளே படங்கள் வரத் தொடங்கின. நாலு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தின் அடியில் அவன். தோளில் அளவைத் தடியோடு ஆற்றுக்குள் அவன். வலைத் தொட்டிலில் படுத்துக்கொண்டு சிரிக்கிற அவன்.

"இஞ்சேருங்கோ, பாத்தியளே" என்று மனைவி தொலைபேசியை என் முகத்துக்கு முன்னால் நீட்டுவாள். "கட்டில்கூட இல்லாமல் வலையிலை படுக்கிறாராம். பாவம் தம்பி, எப்பிடி மெலிஞ்சு போனார்."

"மெலிஞ்சால் நல்லதுதான். இஞ்சை இருக்கேக்கை வயிறு வண்டி வைச்சது."

"உங்கடை வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேணும்."

அவள் சொன்னது சரி. ஆனால் எனக்கு அந்தப் படங்களைப் பார்க்க முடியவில்லை. அவனுக்குப் பின்னால் தெரிந்த வளைவு எது, ஓடை எது என்று எனக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரச் சர்வேயர் இடுப்பளவு தண்ணீர் என்று எழுதிய இடத்தில் அவன் முழங்காலளவு தண்ணீரில் நின்று பல்லைக் காட்டினான். அந்த இடம் எது என்று அவனுக்குத் தெரியுமா? அதைச் சொல்லி ஒரு செய்தி எழுதிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். அவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

கம்பனியில் எனக்குக் கிடைத்த பங்கு, அவன் அனுப்புவதைக் கணக்குப் பார்ப்பது. காலையில் கணினியைத் திறந்தால் அவன் முதல் நாள் அளந்த புள்ளிகள் வந்து கிடக்கும். வேலை நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். அளக்கும் கருவியை ஒரு புள்ளியில் முக்காலியில் நிறுத்துவோம். அடுத்த புள்ளியில் இன்னொருவர் ஒரு தடியை நிறுத்திப் பிடிப்பார். தடியின் தலையில் ஒரு கண்ணாடி. கருவி அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தூரமும் உயரமும் சொல்லும். அதிலிருந்து தடியின் நீளத்தைக் கழித்தால் தரையின் உயரம் வரும். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு அந்தப் புள்ளிக்குப் போக வேண்டும், தடி அதற்கு அடுத்த புள்ளிக்குப் போகும். காட்டுக்குள் முப்பது நாற்பது மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதனால் தவளை மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக முடியும். வானத்தில் சுற்றும் செய்மதியைப் பார்த்து இடத்தைச் சொல்லும் கருவியும் இருக்கிறது, ஆனால் அந்த மரங்களுக்குக் கீழே அது குருடு.

நான் ஒவ்வொரு நாளும் அவனுடைய பிழையைத் தேடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கோப்பி குடிக்குமுன்னரே தேடினேன். பாரிசில் அவனுடைய வேலையை இத்தனை கவனமாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒன்றுமில்லை. சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேலை. திசை பிசகவில்லை, தூரம் பிசகவில்லை, குறிப்புகள் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி மாதிரி ஒழுங்காக இருந்தன. பத்ரோன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, நல்ல ஆளைத்தான் கொண்டுவந்து விட்டாய் என்று என்னைப் பாராட்டினார். இந்த வேலை முடிந்ததும் அவனை நிரந்தரமாக்கப் போகிறேன் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஏழாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் தங்கக் குழிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே காடு வெட்டி வெளியாகக் கிடந்தது, வானம் திறந்திருந்தது. செய்மதிக் கருவியை வைத்து அந்தக் கடைசிப் புள்ளியின் உயரத்தை எடுத்து அனுப்பியிருந்தான். புதன்கிழமை காலை, நடந்து நடந்து அளந்து வந்த உயரத்தையும் செய்மதி சொன்ன உயரத்தையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஆறு மீற்றர் நாற்பத்திரண்டு சென்றிமீற்றர் வித்தியாசம்.

எனக்கு வந்த சந்தோசத்தை நான் மறைக்கப் போவதில்லை. உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. ஆறு மீற்றர் என்றால் ஒரு மாடி வீட்டின் உயரம். ஓடைகள் கடக்கிற இடத்தில் குழாய் வைக்கிற மட்டமெல்லாம் பிழை. பின்னால் வரப்போகிற மண்வெட்டும் இயந்திரங்கள் பிழையான இடத்தில் வெட்டும். எங்கள் தொழிலில் பிழை கண்டால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும், பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். மாணவனாக இருந்தபோதே அடித்துச் சொல்லிக்கொடுத்த விஷயம். நான் காரணத்தைத் தேடவில்லை. தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு நேரே பத்ரோனின் அறைக்குப் போய்விட்டேன். படியேறும்போது முழங்கால் வலிக்கவேயில்லை.

பத்ரோனின் முகம் விழுந்துவிட்டது. காரணம் தெரியாவிட்டால் ஏழு கிழமை வேலையையும் குப்பையில் போட வேண்டும் என்றார். மழைக்காலம் தொடங்குமுன்னர் முதலிலிருந்து அளக்க வேண்டும். அவனைத் திருப்பி அழைக்க வேண்டியதுதான், அடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பிறகு யோசிப்போம் என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, இந்தத் தடவை நீதான் போக வேண்டும், மறுக்காதே, உடனே போய் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டுக்கொள் என்றார். நான் மறுக்கவில்லை.

என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், சும்மா கை போன போக்கில், எத்தனை தடவை கருவியை இடம் மாற்றியிருக்கிறான் என்று எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு தடவை. அறுநூற்று நாற்பத்திரண்டை இருநூற்றுப் பதினாலால் பிரித்தேன். மிச்சமில்லாமல் மூன்று வந்தது.

அட கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன்மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

ஒவ்வொரு தடவையும் மூன்று சென்றிமீற்றர். அந்த மூன்று எங்கிருந்து வந்ததென்று உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். பாரிசில் எங்கள் கம்பனியில் ஒரு பழைய தடி இருந்தது. அதன் அடியிலுள்ள கூர் உடைந்து, வேறொரு குட்டைக் கூரைப் பூட்டியிருந்தார்கள். அதனால் தடியில் எழுதியிருக்கிற நீளத்தைவிட உண்மையான நீளம் மூன்று சென்றிமீற்றர் குறைவு. சகலன் வேலைக்கு வந்த முதற்கிழமை நான் சொன்னேன், தடியிலை எழுதியிருக்கிறதிலை மூண்டைக் கழிச்சுப்போட்டுக் கருவியிலை நீளமெண்டு பதியும் என்று. "ஏன் அண்ணை?" என்று கேட்டான். "அது அப்பிடித்தான். நீர் கழியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? காரணத்தைச் சொல்ல அரை நிமிடம் போதும். காரணமும் தெரிந்துவிட்டால் அவனும் நானும் ஒன்றாகிவிடுவோமே என்ற எண்ணம்தான். படித்துப் பட்டம் வாங்கிக் கோப்பை கழுவிய நானும், முருங்கைக்காய் கட்டிக்கொண்டு நின்ற அவனும். ஏதாவது ஒன்று என் கையில் மிச்சமிருக்க வேண்டும் என்று நினைத்தேன். கயானாவில் அவனுக்குக் கொடுத்தது புத்தம்புதுத் தடி. எழுதியிருப்பதுதான் நீளம். அவன் நான் சொன்னபடி, இருநூற்றுப் பதினாலு தடவையும் மூன்றைக் கழித்திருக்கிறான். கருவிக்குத் தடியின் நீளம் குறைவாகச் சொல்லப்பட்டதால், தரை ஒவ்வொரு தடவையும் மூன்று சென்றிமீற்றர் மேலே போய்விட்டது. அவ்வளவுதான். ஒன்றையும் மறுபடி அளக்கத் தேவையில்லை. கணினியில் இரண்டு நிமிட வேலை.

எழுந்து போய்ச் சொல்ல வேண்டியது மட்டும்தான் மிச்சம். நான் எழும்பவில்லை. சொன்னால் அவன் தப்பிவிடுவான், றோட்டும் அவனுடையதாகவே இருக்கும், பிழை என் தலையில் விழும். சொல்லாவிட்டால் அவன் திரும்பி வருவான், நான் போவேன். வியாழக்கிழமை போய் ஊசியைப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்டாலின்கிராட் என்ற நிலையத்தில் மெத்ரோ ரயிலிலிருந்து இறங்கும்போது அவன் அழைத்தான். பின்னால் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணை, பத்ரோன் சொன்னவர். ஆறு மீற்றராம்."

"ஓம் தம்பி. நானும் பாத்தனான்."

"என்ன நடந்ததெண்டு உங்களுக்கு ஏதும் பிடிபட்டதே?"

"இன்னும் இல்லை. பாத்துக் கொண்டிருக்கிறன்."

அந்தப் பறவை இன்னும் இரண்டு தரம் கத்தியது.

"ஆறுதலாப் பாருங்கோ" என்றான் பிறகு. "நீங்கள் பாத்தால் கட்டாயம் பிடிச்சிடுவியள். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கு."

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் நாக்கு அழுகிப் போயிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மச்சாள், அதாவது மனைவியின் தங்கை, பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்து கதிரையில் இருந்த உடனேயே அழத் தொடங்கினாள். "அத்தான், இவருக்கு வேலை போனால் நாங்கள் அந்த ஒரு அறைக்குள்ளேயே கிடந்து சாக வேண்டியதுதான். வீடு பாத்து வைச்சிருந்தம். நிரந்தரமாக்கின கையோடை தாறமெண்டு சொன்னவை." பிள்ளைகள் இரண்டும் ஒன்றும் விளங்காமல் பிரெஞ்சில் ஏதோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்கள் படிச்ச ஆள்தானே. உங்களுக்கும் விளங்கேல்லையோ?" என்றாள். ஊசி போட்ட கை வீங்கியிருந்தது. இந்தத் தடவை ஒருவரும் ஐஸ் கட்டி கொண்டுவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் செய்யவில்லை. திங்கட்கிழமை காலை பத்ரோனின் அறைக்குப் போனேன். நல்ல மனத்தோடு போனேன் என்று சொல்லமாட்டேன். மச்சாளின் அழுகை காதைவிட்டுப் போகவில்லை, அதனால் போனேன். காரணம் கிடைத்துவிட்டது, இங்கேயுள்ள பழைய தடியின் பழக்கத்தில் புதுத் தடியிலும் மூன்றைக் கழித்திருக்கிறான், இரண்டு நிமிடத்தில் திருத்திவிடலாம் என்றேன். பழக்கம் என்றேன். யார் பழக்கியது என்று சொல்லவில்லை.

பத்ரோன் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். கம்பனியையே காப்பாற்றிவிட்டாய் என்றார். அந்த இடத்திலேயே கயானாவுக்குக் காணொளியில் அழைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. சகலனின் முகம் திரையில் வந்தது. மூன்றைக் கழித்தாயா என்று கேட்டார். கழித்தேன் என்றான். உனக்கு அப்படிச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நினைவில்லை" என்றான் அவன், அழகான பிரெஞ்சில். "நானாகப் பிடித்த பழக்கமாக இருக்க வேண்டும். மன்னியுங்கள்."

பத்ரோன் கவனக்குறைவுக்கு அவனை நன்றாகவே ஏசினார். பிறகு, றோட்டின் இரண்டு பக்கத்திலும் மிச்சமிருந்த அளவையைத் தொடரச் சொன்னார். அவனுக்கு மறந்துதான் போயிருக்கும் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆறு வருடத்துக்கு முன்னர், ஏதோ ஒரு வாகனத் தரிப்பிடத்தில் சொன்னது. யாருக்கு நினைவிருக்கும்?

ஒரு மாதத்தில் அவன் வேலையை முடித்துத் திரும்பி வந்தான். நிரந்தரமாக்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஆட்டுக்கறியும் இடியப்பமும் சொதியும். சாப்பாட்டு மேசையில் அவன் எல்லாருக்கும் கேட்க, "அண்ணை இல்லாட்டி நான் முடிஞ்சன். அண்ணைதான் பிழையைப் பிடிச்சவர்" என்றான். மச்சாள் எழும்பி வந்து என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் இரண்டு துண்டு கறி போட்டாள். மனைவியின் முகத்தில் இத்தனை வருடத்தில் நான் பார்க்காத பெருமை. நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வெளிக்கிடும்போது பெண்களும் பிள்ளைகளும் முன்னால் படியிறங்கிப் போய்விட்டார்கள். அவன் வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்.

"அண்ணை, அந்தத் தடியை நான் புதன்கிழமையே அளந்து பாத்திட்டன்."

"எந்தப் புதன்கிழமை?"

"பத்ரோன் முதல் சொன்ன அண்டைக்கு. டேப் வைச்சுப் பாத்தன். எழுதியிருக்கிறதும் நீளமும் ஒண்டு. அப்பவே விளங்கீட்டுது."

யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"பிறகேன் வெள்ளிக்கிழமை என்னைக் கேட்டனீர்?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன்."

"நான் சொல்லாட்டி?"

அவன் எழும்பி நின்றான். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

"திங்கள் பின்னேரம் என்ரை கவலையீனம்தான், காரணம் தெரியேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திருப்பன். நீங்கள் போய் முடிச்சிருப்பியள். உங்களுக்கு அந்த றோட்டிலை எவ்வளவு ஆசையெண்டு அக்கா சொல்லி எனக்குத் தெரியும்தானே." கீழேயிருந்து பிள்ளைகள் கூப்பிட்டார்கள். "வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

கதவைப் பூட்டினேன். "வாசலிலை நிண்டு என்ன கதை?" என்று குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

"றோட்டுக் கதை" என்றேன்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வெட்கமாவது வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். வேலையை அவன் எடுத்தான், றோட்டை எடுத்தான், அதெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, எனக்காக அதை விட்டுக்கொடுக்கத் துணிந்த அந்த மனம் அவனுக்கு இருக்கிறதே, அதற்குத்தான் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.